எட்டும் இரண்டும் பத்து: பிச்சாவரம் வட்டார இளைஞர்களின் தொழிற்பயிற்சியும் பள்ளிக்கல்வி நிறைவும் - ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

பள்ளிப் படிப்பை இடையில் விட்ட இளைஞர் ஒருவர் தொழில் கற்றுக்கொள்ளும் காலத்திலேயே தம் பள்ளிக்கல்வியையும் நிறைவு செய்ய இயலுமா என்னும் வினா தமிழகக் கல்வி வரலாற்றில் நெடுங்காலமாக எழுந்துவருகிறது. தொழிலையும் படிப்பையும் இணைக்க மேற்கொள்ளப்பட்ட முயற்சிகளை 19ஆம் நூற்றாண்டு முதல் 2022ஆம் ஆண்டின் இணைத்தகுதி ஏற்பாடு வரை இக்கட்டுரை தொகுத்து நோக்குகிறது. கடலூர் மாவட்டத்தின் பிச்சாவரம் வட்டாரம் களமாகக் கொள்ளப்பட்டுள்ளது. தொழிற்பயிற்சி அடுத்த படிக்கு ஏறும் உரிமையைத் தந்த இடங்களில் அது கல்வியாகவும், தராத இடங்களில் கல்விக்கு மாற்றாகவும் அமைந்தது என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: பிச்சாவரம், இருளர், தொழிற்பயிற்சி நிலையம், பள்ளி இறுதிச் சான்றிதழ், இணைத்தகுதி, மேல்நிலைத் தொழிற்கல்வி, சகஜானந்தர்.

முன்னுரை

தமிழ்நாட்டில் வேலைக்கான தகுதியை நிறுவுவனவாக இருவகைச் சான்றுகள் வழங்கிவருகின்றன. ஒன்று பள்ளிக் கல்வித் துறையின் வழியாகக் கிடைக்கும் 10ஆம் வகுப்பு, 12ஆம் வகுப்புச் சான்றிதழ். மற்றொன்று தொழிற்பயிற்சி நிலையத்தில் பயின்றோருக்குக் கிடைக்கும் தேசியத் தொழிற்சான்றிதழ். முன்னது ஒருவர் எவ்வளவு படித்தவர் என்பதையும் பின்னது அவருக்கு என்ன செய்யத் தெரியும் என்பதையும் காட்டுகின்றன. இவ்விரண்டும் இருவேறு துறைகளின் பொறுப்பில் வளர்ந்தமையால், ஒன்றை உடையவர் மற்றொன்றை அடைய மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

8ஆம் வகுப்போடு பள்ளியை விட்டுக் கம்பியாள் பிரிவில் 2 ஆண்டுகள் பயின்ற ஓர் இளைஞர் ஒரு வீட்டின் மின்னிணைப்பு முழுவதையும் செய்து முடிக்கும் திறன் பெற்றவராக இருப்பார். ஆயினும் 10ஆம் வகுப்புத் தேர்ச்சி கோரும் ஒரு பணிக்கு விண்ணப்பிக்கும்போது அவர் 8ஆம் வகுப்பு படித்தவராகவே கணக்கிடப்படுவார். அவர் செலவிட்ட 2 ஆண்டுகள் கல்விக் கணக்கில் இடம்பெறுவதில்லை. இந்த விடுபாடு எவ்வாறு தோன்றியது, அதை நிரப்ப எத்தகைய முயற்சிகள் நிகழ்ந்தன, அம்முயற்சிகள் பிச்சாவரம் போன்ற ஒரு வட்டாரத்தை எந்த அளவில் எட்டக்கூடும் என்பன இங்கு ஆராயப்படுகின்றன.

1. களம்: காடும் கழியும் கைத்திறனும்

வெள்ளாறும் கொள்ளிடமும் கடலோடு கலக்கும் இரு முகத்துவாரங்களுக்கு இடையில் அமைந்துள்ளது பிச்சாவரம் அலையாத்திக் காடு. சிதம்பரத்தின் பழம்பெயரான தில்லை இக்காட்டு மரம் ஒன்றின் பெயரே. வெண்கண்டல், சுரபுன்னை ஆகியவற்றோடு தில்லையும் இங்கு வளர்கிறது. 2022இல் இக்காடு பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் ஈரநிலங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

காட்டைச் சுற்றியுள்ள கிள்ளை முதலிய ஊர்களில் கடல்மீனவர், கழிமீனவர், வேளாண் கூலிகள், இருளர் ஆகியோர் வாழ்கின்றனர். இவர்களுள் இருளர் பட்டியல் பழங்குடியினர். தமிழ்நாட்டில் மிகவும் நலிவுற்றவையாக வகைப்படுத்தப்பட்ட ஆறு பழங்குடிகளுள் ஒன்று அச்சமூகம். பிச்சாவரம் பகுதி இருளர் கழியின் ஆழமற்ற நீரில் அமர்ந்தும் தவழ்ந்தும் இறாலைக் கையால் தடவிப் பிடிக்கும் முறையில் தேர்ந்தவர்கள். நீரின் ஏற்றவற்றம், சேற்றின் தன்மை, பருவம் ஆகியவற்றை அறிந்தாலன்றி இத்தொழில் கைகூடாது. இவ்வறிவு குடும்பத்துக்குள்ளேயே கற்கப்படுகிறது. எந்தச் சான்றிதழிலும் அது பதிவாவதில்லை.

இதே நிலை காட்டு மீட்புப் பணியிலும் காணப்பட்டது. காலனிய ஆட்சியில் தொடங்கி 1970கள் வரை பகுதி பகுதியாக மரங்களை முற்றாக வெட்டும் முறை பின்பற்றப்பட்டதால், வெட்டிய இடங்களில் நிலம் தாழ்ந்து, நீர் தேங்கி, உப்பு மிகுந்து, மரம் முளைக்காத வெளிகள் உருவாயின. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களோடு சேர்ந்து மீன்முள் வடிவில் கால்வாய்கள் வெட்டி, அலைநீர் வந்துபோக வழிசெய்து, கன்றுகளை நட்டன. கால்வாயின் சரிவையும் ஆழத்தையும் அலைமட்டத்துக்கு ஏற்ப அமைப்பது நுட்பமான வேலை. அதில் உழைத்தவர்கள் பெற்ற திறனும் கூலிக் கணக்கில் இடம்பெற்றதே தவிர கல்விக் கணக்கில் இடம்பெறவில்லை.

ஆகவே இவ்வட்டாரத்தில் தொழிலறிவு பஞ்சமின்றி உள்ளது. அதைப் பள்ளிக் கல்வியோடு சேர்த்து எண்ணும் முறைதான் இல்லாதிருந்தது.

2. காலனிய காலம்: பிரிந்து சென்ற இரு பாதைகள்

பிச்சாவரத்துக்கு வடக்கே வெள்ளாற்றின் கரையில் உள்ளது பரங்கிப்பேட்டை. அங்கு 1830களில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் இரும்பாலை ஒன்றை நடத்தினார். சேலம் பகுதியின் இரும்புக் கனிமத்தையும் மரக்கரியையும் கொண்டு இயங்கிய அவ்வாலை, இந்தியாவில் ஐரோப்பிய முறையில் இரும்பு உருக்கும் தொடக்ககால முயற்சிகளுள் ஒன்று. நாளடைவில் அது நின்றுபோயிற்று. தொழிற்சாலையில் கற்ற திறன் பள்ளிப் படிப்போடு இணைவதற்கான ஏற்பாடு எதுவும் அக்காலத்தில் தோன்றியிருக்கவில்லை. வேலை செய்த இடத்திலேயே கற்பதும், வேலை நின்றால் கற்றதற்கு மதிப்பின்றிப் போவதும் இயல்பாக இருந்தன.

சென்னையில் 1850இல் மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டர் கலைப்பள்ளி ஒன்றைத் தொடங்கினார். பின்னர் அரசு அதனை ஏற்றது. தொழிலைப் பள்ளி அமைப்புக்குள் கொண்டுவந்த முன்னோடி நிறுவனங்களுள் அது ஒன்று. ஆயினும் பொதுப்பள்ளிகளின் போக்கு வேறாக இருந்தது. 1882இல் வில்லியம் ஹண்டர் தலைமையில் அமைந்த இந்தியக் கல்விக் குழு, உயர்நிலை வகுப்புகளை இரு கிளைகளாகப் பிரிக்கப் பரிந்துரைத்தது. ஒரு கிளை பல்கலைக்கழக நுழைவுக்கும், மற்றொன்று வணிகம், தொழில் முதலிய நடைமுறைக் கல்விக்கும் உரியவை.

இரண்டாம் கிளை செழிக்கவில்லை. அரசுப் பணிக்கும் மேற்படிப்புக்கும் முதற்கிளையே வாயிலாக இருந்ததனால் பெற்றோர் அதனையே நாடினர். இதனை உடலுழைப்பின் மீதான வெறுப்பு என்று மட்டும் விளக்குவது பொருந்தாது. முதற்கிளைக்கு மேலே ஒரு படி இருந்தது; இரண்டாம் கிளைக்கு மேலே எதுவும் இல்லை. பெற்றோர் தெரிந்தெடுத்தது படியைத்தான்.

முதற்கிளையின் வாயிலும் எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்காகச் சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916இல் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். தில்லையைக் காண விழைந்த உழவுக் கூலியான நந்தனாரின் பெயரை ஒரு பள்ளிக்குச் சூட்டியதிலேயே அம்முயற்சியின் நோக்கம் விளங்கும். பள்ளியோடு தங்குமிடமும் உணவும் இணைந்திருந்தமை இங்குக் கருதத்தக்கது. பண்ணை வேலைக்கும் கால்நடை மேய்ப்புக்கும் உரியவர் என்று ஊர் கருதிய சிறுவனை அவ்வேலையிலிருந்து விலக்கி வைத்தாலன்றிப் படிப்பு நிலைக்காது என்பதைச் சகஜானந்தரின் பணி உணர்த்திற்று. சென்னை மாகாணச் சட்டமன்ற உறுப்பினராக இருந்த காலத்திலும் அவர் கல்வியுரிமையை வற்புறுத்தினார். 1929இல் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டபோது, தொடக்கப்பள்ளி முதல் பல்கலைக்கழகம் வரையிலான படிகள் ஒரே நகரில் அமைந்தன. கழிக்கரைச் சிற்றூர்களிலிருந்து அப்படிகளின் அடிக்கு வந்து சேர்வதே எஞ்சிய சிக்கலாக இருந்தது.

3. கைத்தொழில் வழிக் கல்வியும் 1953ஆம் ஆண்டின் பாடமும்

1937இல் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டைத் தொடர்ந்து, காந்தியடிகளின் ஆதாரக் கல்வித் திட்டம் உருப்பெற்றது. நூற்பு, நெசவு, வேளாண்மை போன்ற ஒரு கைத்தொழிலை நடுவாக வைத்து மொழி, கணக்கு, அறிவியல் ஆகியவற்றைக் கற்பிப்பது அதன் அடிப்படை. இதில் தொழில் பள்ளிக்குள்ளேயே, ஆசிரியரின் மேற்பார்வையில், எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் பொதுவாக நிகழ வேண்டும் என்பது கருத்து.

1953இல் இராஜாஜி தலைமையிலான சென்னை மாநில அரசு கொண்டுவந்த மாற்றியமைக்கப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டம் இதனினின்று வேறுபட்டது. சிற்றூர்ப் பள்ளிகளில் நாளொன்றுக்கு 3 மணி நேரம் பாடம் நடக்கும். எஞ்சிய வேளையில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கலாம் என்பது ஏற்பாடு. பள்ளிகளின் இடநெருக்கடியும் ஆசிரியர் பற்றாக்குறையும் இதற்குரிய காரணங்களாகக் கூறப்பட்டன. பெரியாரும் திராவிட முன்னேற்றக் கழகத்தினரும் காங்கிரசுக்குள்ளேயே பலரும் இதனைக் குலக்கல்வித் திட்டம் என எதிர்த்தனர். 1954இல் காமராசர் முதலமைச்சரான பின்னர் திட்டம் கைவிடப்பட்டது.

தொழிற்கல்வி பற்றிய தமிழகச் சிந்தனையில் இந்நிகழ்வு ஆழ்ந்த தடத்தைப் பதித்தது. எதிர்ப்பின் சாரத்தை மூன்று கூறுகளாகப் பகுக்கலாம். முதலாவது, கற்க வேண்டிய தொழிலைப் பிறப்பு முடிவு செய்தது. இரண்டாவது, தொழிலுக்கான நேரம் பாட நேரத்தைக் குறைத்துப் பெறப்பட்டது. மூன்றாவது, வீட்டில் கற்ற தொழிலுக்கு எந்த மதிப்பீடும் சான்றும் இல்லை. அத்திட்டத்தின்படி ஒரு பிச்சாவரத்துச் சிறுவன் அரைநாள் பள்ளியிலும் அரைநாள் கழியிலும் இருந்திருப்பான். கழியில் கழித்த அரைநாள் அவனை மீண்டும் கழிக்கே அனுப்பியிருக்கும்.

இதன் பின்னர் தொழிலையும் பள்ளியையும் இணைக்கும் எந்தத் திட்டமும் இம்மூன்று ஐயங்களுக்கும் விடை சொல்லியே மக்களின் ஏற்பைப் பெற வேண்டியதாயிற்று.

4. இரு துறைகள், இரு சான்றுகள்: 1950 முதல் 2000 வரை

விடுதலைக்குப் பின் நடுவண் அரசு 1950இல் கைவினைஞர் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. அதன் வழியே நாடெங்கும் தொழிற்பயிற்சி நிலையங்கள் உருவாயின. பொருத்துநர், கடைசலர், மின்பணியாளர், பற்றவைப்பவர், கம்பியாள் முதலிய பிரிவுகளில் ஓராண்டு அல்லது ஈராண்டுப் பயிற்சி தரப்பட்டது. 1961இல் தொழில் பழகுநர் சட்டம் இயற்றப்பட்டது. அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தில் 1956இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் நிறுவப்பட்டதும், தொழிற்சான்றிதழ் பெற்ற இளைஞர்களுக்கான தேவை இப்பகுதியிலேயே எழுந்தது.

இந்நிலையங்கள் தொழிலாளர் நலன் சார்ந்த துறையின் பொறுப்பில் இயங்கின. பள்ளிகள் கல்வித் துறையின் பொறுப்பில் இருந்தன. பாடத்திட்டம், தேர்வு, சான்றிதழ் அனைத்தும் தனித்தனி. இந்த ஆட்சிப் பிரிவினை, முன்னுரையில் குறிப்பிட்ட விடுபாட்டிற்கு நேர்க் காரணமாயிற்று.

பள்ளிக்குள்ளேயே தொழிலைக் கொணரும் முயற்சிகளும் உடன் நிகழ்ந்தன. அ. இலட்சுமணசுவாமி முதலியார் தலைமையிலான இடைநிலைக் கல்விக் குழு (1952-53) பல்நோக்குப் பள்ளிகளைப் பரிந்துரைத்தது. கோத்தாரி கல்விக் குழு (1964-66) பணியனுபவத்தையும் தொழிற்கல்வியையும் பள்ளிக் கல்வியின் பகுதிகளாக வலியுறுத்தியது. தமிழ்நாட்டில் 1978இல் புகுமுக வகுப்பு நீக்கப்பட்டு மேல்நிலைக் கல்வி அறிமுகமானபோது, பொதுப்பிரிவோடு தொழிற்கல்விப் பிரிவும் தொடங்கப்பட்டது. அதே ஆண்டில், தமிழகக் கல்வியாளர் மால்கம் ஆதிசேசையா தலைமையிலான தேசியக் குழு மேல்நிலைக் கல்வியைத் தொழில்மயமாக்குவது குறித்துத் தன் அறிக்கையை அளித்தது.

மேல்நிலைத் தொழிற்கல்வியின் சிறப்பு, தொழிலும் பள்ளிச் சான்றும் ஒரே தேர்வில் கிடைத்தமை. வேளாண்மை, பொறியியல், மனையியல், வணிகம், உடல்நலம் சார்ந்த பிரிவுகளில் பயின்றவர் 12ஆம் வகுப்புத் தேர்ச்சி பெற்றவராகவே கருதப்பட்டார். பொறியியல் கல்லூரிச் சேர்க்கையில் இவர்களுக்குச் சிறு ஒதுக்கீடும் உண்டு. இவ்வகையில் 1953ஆம் ஆண்டின் ஐயங்களுள் மூன்றாவதற்கு இத்திட்டம் விடை தந்தது.

எனினும் இரு வரம்புகள் இருந்தன. 10ஆம் வகுப்பில் தேறியவரே இப்பிரிவில் சேர இயலும். ஆகவே 8, 9, 10ஆம் வகுப்புகளில் படிப்பை விட்டவர்களுக்கு இது பயன்படவில்லை. அடுத்து, 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை மேல்நிலை மாணவருள் 1990க்குள் 10 விழுக்காட்டினரையும் 1995க்குள் 25 விழுக்காட்டினரையும் தொழிற்கல்விக்குக் கொண்டுவர இலக்கு வைத்தபோதிலும், நாட்டளவில் அவ்விலக்கு எட்டப்படவில்லை. தமிழ்நாட்டிலும் காலப்போக்கில் இப்பிரிவுகள் சுருங்கின. ஓய்வுபெற்ற ஆசிரியர்களின் இடங்கள் நிரப்பப்படாமை தொழிற்கல்வி ஆசிரியர் அமைப்புகள் தொடர்ந்து சுட்டிவந்த குறையாகும்.

5. படி தாண்டலும் படி எண்ணலும்

பள்ளிப் படிப்பை விட்டவர்களுக்குத் திறந்தநிலைக் கல்வி மற்றொரு வழியாகத் தோன்றியது. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979இல் தொடங்கிய தொலைநிலைக் கல்வி, வேலை செய்துகொண்டே படிப்பவர்கள் பலருக்கு வாயிலாயிற்று. பின்னர்த் திறந்தநிலை முறையில், கீழ்நிலைத் தகுதியின்றியே மேல்நிலைப் பட்டம் பெறும் வாய்ப்பும் ஏற்பட்டது. ஆயினும் முதல்நிலைப் பட்டமின்றித் திறந்தநிலை முறையில் பெற்ற முதுகலைப் பட்டத்தை 2009இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தது. அதே ஆண்டில் தமிழ்நாடு அரசும் 10ஆம் வகுப்பு, 12ஆம் வகுப்பு, பட்டம் என்ற வரிசையை அரசுப் பணிகளுக்கு வலியுறுத்தி ஆணையிட்டது.

இதனால் ஒன்று தெளிவாயிற்று. விட்டுப்போன படியைத் தாண்டிச் செல்வது நிலையான தீர்வாகாது. அந்தப் படிக்கு ஈடான உழைப்பு வேறிடத்தில் நிகழ்ந்திருந்தால் அதனை எண்ணிக்கையில் சேர்ப்பதே தீர்வாகும்.

2022இல் தமிழ்நாடு அரசு ஏற்படுத்திய இணைத்தகுதி இத்தகையது. 8ஆம் வகுப்புத் தேர்ச்சிக்குப் பின் தொழிற்பயிற்சி நிலையத்தில் 2 ஆண்டுகள் பயின்று தேசியத் தொழிற்சான்றிதழ் பெற்றவர், 10ஆம் வகுப்புத் தமிழ், ஆங்கில மொழிப்பாடத் தேர்வுகளைத் தனித்தேர்வராக எழுதித் தேறினால் 10ஆம் வகுப்புக்கு இணையான தகுதி பெறுகிறார். அவ்வாறே 10ஆம் வகுப்புக்குப் பின் 2 ஆண்டுகள் பயின்றவர் 12ஆம் வகுப்பு மொழிப்பாடங்களில் தேறினால் 12ஆம் வகுப்புக்கு இணையான தகுதி பெறுகிறார்.

இதன் கணக்கு எளியது. எட்டும் இரண்டும் பத்து. பத்தும் இரண்டும் பன்னிரண்டு. தொழிற்பயிற்சி நிலையத்தில் கற்கும் பணிமனைக் கணக்கு, அறிவியல், பொறியியல் வரைபடம், தொழிற்கோட்பாடு ஆகியவை பள்ளியின் கணக்கு, அறிவியல் பாடங்களின் இடத்தில் வைத்து எண்ணப்படுகின்றன. பயிற்சியில் இடம்பெறாத மொழித்திறன் மட்டும் தேர்வின் வழியே சோதிக்கப்படுகிறது. கற்றதைத் திரும்பக் கற்கச் சொல்லாமலும், கல்லாததைக் கற்றதாகக் கொள்ளாமலும் இவ்வேற்பாடு அமைந்திருப்பது குறிப்பிடத்தக்கது.

இதே காலத்தில் தொடங்கிய வேறு சில திட்டங்களும் இதற்குத் துணையாயின. 2022 மார்ச்சில் நான் முதல்வன் திட்டம் தொடங்கப்பட்டது. அரசுப் பள்ளியில் பயின்று மேற்படிப்பைத் தொடரும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டம் அவ்வாண்டு செப்டம்பரிலும், ஆண்களுக்கான தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டிலும் நடைமுறைக்கு வந்தன. தொழிற்பயிற்சி நிலையப் படிப்பும் இவற்றில் மேற்படிப்பாக ஏற்கப்பட்டது. 71 அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களைப் புதிய தொழில்நுட்பக் கருவிகளோடு மேம்படுத்தும் பணியும் மேற்கொள்ளப்பட்டது.

6. அரைநாளின் இருவேறு பொருள்

அமெரிக்காவில் 1964ஆம் ஆண்டின் பொருளாதார வாய்ப்புச் சட்டத்தின்கீழ்த் தொடங்கிய ஜாப் கோர் திட்டம், வறிய குடும்பத்து இளைஞர்களைத் தங்கிப் பயிலும் மையங்களில் சேர்த்துத் தொழிற்பயிற்சியையும் உயர்நிலைப் பள்ளிச் சான்றையும் ஒருங்கே அளித்தது. 1978இல் நியூயார்க் நகரின் கிழக்கு ஹார்லெம் பகுதியில் டோரத்தி ஸ்டோன்மன் தொடங்கிய யூத்பில்டு முயற்சியில், பள்ளியை விட்ட இளைஞர்கள் தம் பகுதியின் பாழடைந்த வீடுகளைச் சீரமைத்துக்கொண்டே பள்ளித் தகுதிக்கும் படித்தனர். ஒரு பாதி நேரம் கட்டடப் பணி, மறுபாதி வகுப்பறை என்பது அதன் நடைமுறை.

நேரப் பகிர்வை மட்டும் நோக்கினால் 1953ஆம் ஆண்டின் சென்னைத் திட்டமும் பாதிப் பாதியே. ஆயினும் இரண்டும் எதிரெதிர்த் திசையில் சென்றன. சென்னைத் திட்டம் பள்ளியில் இருந்த சிறு பிள்ளையை அரைநாள் வெளியே அனுப்பியது. ஹார்லெம் முயற்சி வெளியே சென்றுவிட்ட இளைஞரை அரைநாள் வகுப்பறைக்கு அழைத்துவந்தது. முன்னதில் தொழிலைப் பிறப்பு தீர்மானித்தது. பின்னதில் இளைஞர் தாமே முன்வந்து சேர்ந்தார். முன்னதன் முடிவில் சான்று இல்லை. பின்னதன் நோக்கமே சான்று. ஆகவே படிப்பையும் தொழிலையும் இணைப்பது நன்றா தீதா என்னும் பொது வினாவிற்கு விடையில்லை. எந்த வயதில், யாருடைய விருப்பத்தில், எந்தப் படியை நோக்கி இணைக்கப்படுகிறது என்பதே விடையைத் தீர்மானிக்கிறது.

7. பதினான்கு வயதின் சந்திப்பு: பிச்சாவரத்தின் நிலை

2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வியுரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை பொருந்துவது. 8ஆம் வகுப்போடு அதன் உறுதிமொழி முடிகிறது. தொழிற்பயிற்சி நிலையத்தில் சேரத் தேவையான குறைந்த வயது 14. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016ஆம் ஆண்டுத் திருத்தம், 14 வயது நிறைந்தவரை ஆபத்தற்ற வேலைகளில் அமர்த்த இடமளிக்கிறது. இலவசக் கல்வியின் முடிவு, பயிற்சியின் தொடக்கம், கூலி வேலையின் தொடக்கம் ஆகிய மூன்றும் ஒரே வயதில் சந்திக்கின்றன. அந்த வயதில் எந்தக் கதவு அருகில் இருக்கிறதோ அதன் வழியே இளைஞர் செல்கிறார். கழிக்கரையில் பெரும்பாலும் கூலியின் கதவே அருகில் உள்ளது.

முதல் தடை சாதிச் சான்றிதழ். பட்டியல் சாதியினருக்கு வட்டாட்சியர் சான்று வழங்க, பழங்குடியினருக்கோ கோட்டாட்சியர் நிலையில் விசாரணைக்குப் பின்னரே அது கிடைக்கும். தலைமுறைகளாகப் பள்ளிப் பதிவோ நிலப் பதிவோ இல்லாத இருளர் குடும்பங்களுக்கு மெய்ப்பிக்கும் ஆவணங்களே இல்லை. 10ஆம் வகுப்புக்கு மேற்பட்ட உதவித்தொகை, விடுதி, இடஒதுக்கீடு அனைத்துக்கும் அச்சான்று வேண்டும். பிச்சாவரம் இருளர் குடியிருப்புகளில் பணியாற்றிய தன்னார்வ நிறுவனங்கள் படகு, வலை ஆகியவற்றோடு சாதிச் சான்றையும் பள்ளியையும் முதன்மைத் தேவைகளாகக் கொண்டமைக்கு இதுவே காரணம்.

இரண்டாம் தடை பருவம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் மீன்பிடித் தடைக்காலம். படகுத் தொழிலை நம்பிய குடும்பங்களின் வருவாய் குன்றும் இக்காலமே பள்ளித் தேர்வு முடிவுகளும் தொழிற்பயிற்சிச் சேர்க்கையும் நிகழும் காலம். விண்ணப்பிக்கவும் பயணம் செய்யவும் செலவிட வேண்டிய வாரங்களில்தான் கையில் பணம் இருப்பதில்லை. பயிற்சிக்காலத்தில் அரசு தரும் 750 ரூபாய் மாத உதவித்தொகை, கட்டணமில்லாப் பேருந்துப் பயணம், மிதிவண்டி முதலியன பயன் தருவன. ஆயினும் 2 ஆண்டுகளில் இழக்கும் கூலிக்கு அவை ஈடாகா.

மூன்றாம் தடை குறுகிய காலப் பயிற்சிகளின் கவர்ச்சி. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் கடலூர் மாவட்டத்தில் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அலையாத்திக் காட்டின் மறைவில் இருந்த ஊர்கள் ஒப்பீட்டளவில் குறைந்த சேதத்தோடு தப்பியமை ஆய்வுகளில் பதிவாகியுள்ளது. அதன்பின் கடலோர இளைஞர்களுக்குச் சில வாரங்களிலும் மாதங்களிலும் முடியும் பயிற்சிகள் பல வந்தன. விரைவில் வேலை தருவது அவற்றின் நன்மை. அவற்றின் சான்றுகள் பள்ளிக் கணக்கில் சேராமையும், அந்த வேலை போனால் பழைய இடத்துக்கே திரும்ப நேர்வதும் அவற்றின் குறைகள்.

நான்காவது, மொழித்தேர்வு. இணைத்தகுதி ஏற்பாட்டில் எஞ்சியிருக்கும் ஒரே தேர்வு இது. பள்ளியில் ஆங்கிலத்தில் பின்தங்கியதாலேயே படிப்பை விட்டவருக்கு அது மீண்டும் அதே சுவராக நிற்கக்கூடும். பயிற்சி நிலையத்தின் வார அட்டவணையில் மொழி வகுப்பு இடம்பெறாவிடில், உரிமை ஏட்டளவில் நின்றுவிடும் வாய்ப்புண்டு.

இத்தடைகளுக்கிடையிலும் ஏணி ஒன்று முதன்முறையாக முழுமையடைந்துள்ளது. 8ஆம் வகுப்புக்கு முன்னரே நின்றவர், 12½ வயது நிறைந்திருந்தால் தனித்தேர்வராக 8ஆம் வகுப்புத் தேர்வை எழுதலாம். அதன்பின் ஈராண்டுப் பயிற்சி, மொழித்தேர்வு, 10ஆம் வகுப்புக்கு இணையான தகுதி என ஏறலாம். தொழிற்பயிற்சி முடித்தோர் பல்தொழில்நுட்பக் கல்லூரியின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரவும் வழி உண்டு. வெளிப்பொருத்து இயந்திரங்களும் கண்ணாடியிழைப் படகுகளும் பனிக்கட்டி அறைகளும் பெருகியுள்ள இக்கடற்கரையில் டீசல் இயந்திரம், மின்பணி, குளிர்பதனம் ஆகிய பிரிவுகள் ஊரோடு தொடர்புடையவை. ஊரிலேயே தங்கவும் ஊரைவிட்டுச் செல்லவும் அவை சம அளவில் பயன்படும்.

முடிவுரை

தொழிலையும் பள்ளிக்கல்வியையும் இணைக்கும் முயற்சிகளின் வரலாறு மூன்று உண்மைகளைக் காட்டுகிறது. 1882இன் இரண்டாம் கிளை மேற்படி இல்லாமையால் வாடியது. 1953இன் திட்டம் பிறப்பைத் தொழிலோடு பிணைத்தமையால் வீழ்ந்தது. 1978இன் மேல்நிலைத் தொழிற்கல்வி, படியை அமைத்தும், முன்னரே விலகியவர்களை எட்டவில்லை. 2022இன் இணைத்தகுதி இம்மூன்றுக்கும் ஓரளவு விடை தருகிறது. தொழிலை இளைஞர் தெரிந்தெடுக்கிறார். பயிற்சிக்காலம் கல்விக்காலமாக எண்ணப்படுகிறது. பள்ளியை விட்டவரும் அதற்குள் வர இயலும்.

ஆயினும் ஏணி இருப்பதும் அதன் அடிக்கு வந்து சேர்வதும் வேறு வேறு. ஒரு நூற்றாண்டுக்கு முன் சகஜானந்தர் பள்ளியோடு தங்குமிடத்தையும் உணவையும் சேர்த்தமையின் தேவை இன்றும் கழிக்கரையில் நீடிக்கிறது. சாதிச் சான்று உரிய காலத்தில் கிடைப்பதும், பயிற்சிக்காலத்தில் குடும்பம் பசியின்றி இருப்பதும், பணிமனை அருகே ஒரு மொழி வகுப்பு நடப்பதும் உறுதியானால், எட்டும் இரண்டும் பத்து என்னும் கணக்கு பிச்சாவரத்திலும் சரியாக வரும். சேற்றின் தன்மையையும் நீரின் ஓட்டத்தையும் கையால் அறியும் தலைமுறைக்குக் கற்கும் ஆற்றல் குறைவில்லை. அவர்கள் கற்றதை எண்ணிக்கையில் சேர்க்கும் பொறுப்பு கல்வி அமைப்பினுடையது.